எத்தனை பிள்ளைகள்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத் தொட்டிருந்தன: கணவனும் மனைவியும் எத்தனை பிள்ளைகள் பெற்றுக்கொள்ள விரும்புகிறார்கள், அந்த விருப்பம் எங்கிருந்து உருவாகிறது, அதில் மற்றவர்கள் தலையிட எவ்வளவு இடம் உண்டு என்பது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்களை முழுவதுமாக இதற்கே தந்திருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மாமியாருக்கு ஒன்பது பிள்ளைகள், தங்கியவர்கள் ஆறு பேர். எனக்கு மூன்று. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனும் மருமகளும் ஒரே பேத்தியோடு போதும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன. இவ்வளவு வசதி இருந்தும் வேண்டாம் என்கிறார்களே, இந்தத் தலைமுறைக்குப் பிள்ளை ஆசையே அற்றுப் போய்விட்டதா?
– வாசகி, கோனாபட்டு

பதில்: ஆச்சி, ஆசை அற்றுப் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் இருந்தால் நல்லது என்று தேசியக் குடும்ப நல ஆய்வுகளில் கேட்கும்போது, நம் நாட்டுப் பெண்களும் ஆண்களும் சராசரியாகச் சொல்லும் எண் இன்றும் ஏறத்தாழ இரண்டுதான். விரும்புவதற்கும் பெற்றுக்கொள்வதற்கும் நடுவே என்ன வந்து நிற்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒன்பது பெற்று ஆறு தங்கியது உங்கள் மாமியாருக்கு மட்டும் நேர்ந்த துயரம் அன்று. 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயதுக்குள் இறந்தன. மாதிரிக் குடும்பங்களில் பிறப்பு இறப்புகளைக் கணக்கெடுக்கும் மாதிரிப் பதிவுக் கணக்கில் 2020ஆம் ஆண்டுக்கான அந்த எண் 13. பெற்றதில் எது தங்கும் என்று தெரியாத காலத்தில் இரண்டோடு நிறுத்துவதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. பிறந்த குழந்தை வளர்ந்து ஆளாகும் என்ற நம்பிக்கை வந்த பிறகே, எத்தனை வேண்டும் என்ற கேள்வியே குடும்பங்களுக்குள் நுழைந்தது.

அடுத்தது தொழில். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் கடல் கடந்து லேவாதேவி (வட்டித் தொழில்) நடத்திய நாட்களில், வீட்டுக்குப் பிறந்த ஆண் பிள்ளை கடைக்குப் பிறந்த ஆளாகவும் இருந்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தத்தில் கடை வைக்கும் வழி அவன்முன் திறந்திருந்தது. நம்பிக்கையான சொந்த இரத்தம் எத்தனை பேர் இருந்தாலும் வேலை இருந்தது. மூன்றாண்டுத் தவணைக்குக் கணவர் கடல் கடந்து போய்விட, மனைவி இங்கேயே பெரிய வீட்டில் இருந்ததால் பிள்ளைகளுக்கிடையே இடைவெளி தானாகவே விழுந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், பின்னர் அங்கே வந்த ஆட்சிகள் நிலத்தையும் தொழிலையும் அரசுடைமையாக்கியதும் அந்த வழியை அடைத்தன. அதன் பிறகு பிள்ளைக்குத் தர வேண்டிய முதல் படிப்பு என்றாயிற்று. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது இந்த மாற்றத்தின் வாசலில்தான்.

ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகையியல் அறிஞர் (திருநெல்வேலி ஆயர் கால்டுவெல் அல்லர்), கர்நாடகக் கிராமங்களிலும் ஆப்பிரிக்காவிலும் ஆராய்ந்து சொன்ன ஒரு கருத்து செட்டிநாட்டுக்கு மிகவும் பொருந்துகிறது. உழைப்பும் பணமும் பிள்ளைகளிடமிருந்து பெற்றோரை நோக்கிப் பாயும் சமூகத்தில் அதிகம் பெறுவது குடும்பத்துக்கு ஆதாயம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை நோக்கிப் பாயத் தொடங்கிவிட்டால் குறைவாகப் பெறுவதே அறிவுடைமை என்று மக்கள் உணர்ந்துகொள்கிறார்கள். மழலையர் பள்ளிக் கட்டணத்தில் தொடங்கி, மகன் வெளிநாட்டில் மேற்படிப்பு முடிக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும் இன்றைய பெற்றோர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தப் பூட்டிய அறைகள். மகனுக்கு மணமானதும் அடுப்பைப் பிரித்து வேறு வைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கமாக இருந்தாலும், வளவு ஒன்றாகவே இருந்தது. ஒருத்தி சமைக்கும்போது கொழுந்தன் மனைவி குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அப்பத்தா கதை சொன்னார். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். பிள்ளை வளர்ப்பு ஒரு தாயின் தலையில் முழுவதுமாக விழவில்லை. உங்கள் மருமகளோ காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, வாகன நெரிசலில் அலுவலகம் போய், மாலையில் காப்பகம் மூடுவதற்குள் திரும்ப வேண்டும். அறைகள் கோனாபட்டில் பூட்டிக் கிடக்கின்றன. கைகள் பெங்களூரில் தேவைப்படுகின்றன. "ஏன் இன்னொன்று வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்னொன்று வந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் நான் வந்து உங்களோடு இருக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், அது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. அதை மதித்து, இருக்கும் பேத்தியைக் கொண்டாடுங்கள்.

கேள்வி: எனக்கு 33 வயது. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கு ஒரு துணை வேண்டும் என்று கணவர் சொல்கிறார். எனக்கும் குழந்தைகள் பிடிக்கும்; ஆனால் முதல் பிரசவத்துக்குப் பிறகு பட்ட பாடு மறக்கவில்லை. "உன் வேலைதான் உனக்குப் பெரிது" என்று அவர் சொல்லும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சுயநலக்காரியா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை, அம்மா. உங்கள் உடலில் பத்து மாதம் வளர வேண்டிய ஒன்றைப் பற்றி நீங்கள் தயங்குவது சுயநலம் ஆகாது. கருவுறுதலும் பிரசவமும் பாலூட்டுதலும் உங்களுடையவை என்பதால், உடன்பாடு இல்லாதபோது உங்கள் சொல்லுக்கு எடை கூடுதல் என்பதே என் உறுதியான கருத்து. இதை உங்கள் கணவரும் படிப்பார் என்ற நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

"பட்ட பாடு" என்று நீங்கள் இரண்டு சொற்களில் முடித்துவிட்டதை அவரிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறீர்களா? இரவில் எழுந்தது யார், தடுப்பூசிக்கு அரை நாள் விடுப்பு எடுத்தது யார், குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தபோது ஓடியது யார்? 2019இல் மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகிறார்கள். அந்த 97 நிமிடமும் எல்லா ஆண்களுக்கும் உரியதன்று. வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பல வீடுகளில் இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்ற முடிவு, முதல் பிள்ளையின் முதல் ஆண்டிலேயே, அரைத் தூக்கத்தில், யாரிடமும் சொல்லாமல் எடுக்கப்பட்டுவிடுகிறது. கணவர் அதைக் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

சட்டம் தரும் துணையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த முறைப்படி, மகப்பேறு நல விதிகளுக்கு உட்பட்ட தனியார் நிறுவனங்கள் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதியும் இருக்க வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு கிடைக்கிறது. ஒரே தெருவில் அரசுப் பள்ளி ஆசிரியையும் தனியார் நிறுவன ஊழியரும் வேறு வேறு எண்ணிக்கையில் பிள்ளைகளை விரும்பினால், அவர்கள் மனத்தைவிட விடுப்பு விதியை முதலில் பார்ப்பது நல்லது.

வயதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 35க்குப் பிறகு கருவுறும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஆகவே இந்தப் பேச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த குழந்தைக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மகளுக்கு நான்கு வயது ஆகிவிட்டதால் அதுபற்றிக் கவலை இல்லை. உங்கள் கணவர் எந்தெந்தப் பொறுப்புகளை ஏற்பார் என்பதைப் பொதுவாகச் சொல்லாமல், இரவு, பள்ளி, மருத்துவமனை, சமையல் என்று பிரித்து அவரே சொல்லட்டும். இப்போதே மகளிடத்தில் அவற்றைச் செய்யத் தொடங்கட்டும். மூன்று மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். வேண்டாம் என்று முடிவானால், அறுவை சிகிச்சையும் தானாக உங்கள் பொறுப்பு ஆகிவிடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்களுக்கான சிகிச்சை எளியது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீடு திரும்பலாம்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு பெண்கள். மூன்றாவதாக ஓர் ஆண் பிள்ளைக்கு முயலச் சொல்லி மாமனார் வற்புறுத்துகிறார். கோயிலில் புள்ளி அற்றுவிடும், வீட்டுப் பங்கு பங்காளிக்குப் போய்விடும் என்கிறார். என் கணவர் வாய் திறப்பதில்லை.
– வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மாமனாரின் அச்சத்துக்கு வேர் உண்டு. மணமான ஆணைக் குடும்பத் தலைவனாகக் கொண்டு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு வரி வாங்கும் நகரத்தாரின் நகரக் கோயில் முறையில், மகன் இல்லாத வீடு ஏட்டிலிருந்து மறைந்துவிடும் என்று அவர் அஞ்சுகிறார். ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவராயினும் இந்தக் கவலை பெரியவர்களிடம் இருக்கிறது. அதை அவமதிக்க வேண்டாம்; ஆனால் அதற்காக உங்கள் உடலைப் பணயம் வைக்கவும் வேண்டாம்.

சொத்தைப் பற்றி அவர் சொல்வது இன்றைய சட்டப்படி சரியன்று. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு வந்துவிட்டது. 2005ஆம் ஆண்டில் மைய அரசின் திருத்தம் நாடு முழுவதும் அதை விரிவாக்கியது. பிறப்பாலேயே அந்த உரிமை மகளுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உங்கள் இரண்டு பெண்களும் அந்த வீட்டின் பங்குதாரர்கள். அவர்கள் இருக்கும்போது உங்கள் கணவரின் பங்கு பங்காளிக்கு எப்படிப் போகும்?

மூன்றாவது குழந்தை ஆணாகத்தான் பிறக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது; இதில் தாய்மீது சுமத்த ஒன்றுமே இல்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "எங்காவது பார்த்துச் சொல்வார்கள்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். மகன் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறக்கும் மூன்றாவது பெண், தான் எதற்கு மாற்றாக வந்தோம் என்பதை வளர வளர அந்த வீட்டின் பேச்சிலிருந்தே அறிந்துகொள்வாள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் எண்ணம்.

இரண்டு பெண் குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்டிருந்தால் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் 25,000 ரூபாய் வைப்பு வைக்கும் முதலமைச்சரின் திட்டம் ஒன்று இருக்கிறது. தேவைப்பட்டால் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அதைவிட முக்கியமானது உங்கள் கணவரின் வாய். தந்தைக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் மகன்தான். "அப்பச்சி, எங்களுக்கு இவர்கள் இருவரும் போதும்" என்ற ஒரு வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டால், மருமகளாகிய உங்கள்மீது விழும் பாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

கேள்வி: நான் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பணக்காரர்கள் ஒன்றோ இரண்டோ போதும் என்பது புரிகிறது. எங்களைப் போன்ற கூலிக்காரர்களும் இரண்டோடு நிறுத்திவிட்டோமே, இது அரசாங்கப் பிரசாரத்தாலா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: பிரசாரத்துக்குப் பங்கு உண்டு, குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற வாசகமும் சுவர் தவறாமல் எழுதப்பட்டன. ஆனால் அது மட்டும் போதுமாக இருந்திருந்தால், அதே வாசகத்தை எழுதிய வடமாநிலங்களிலும் அதே வேகத்தில் பிறப்பு குறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எழுத்தறியாத பெண்களும் கூலி வேலை செய்யும் குடும்பங்களும் சேர்ந்தே மாறினார்கள் என்பதுதான் இதன் சிறப்பு. பள்ளி நடக்கும் தூரத்தில் வந்தது. சத்துணவு, குறிப்பாக 1982இல் விரிவான பிறகு, பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் இருந்தார். பத்து வயதில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றப் பழகியிருக்க வேண்டிய பையன் பள்ளிக்குப் போனதும், அவனால் வீட்டுக்கு வரும் கூலி நின்று, அவனுக்காகச் செலவு தொடங்கியது. "என் பிள்ளை இந்தச் சிமெண்டுத் தூசியில் நிற்கக் கூடாது" என்று நினைக்கும் தகப்பன், ஐவரை அப்படிக் கரையேற்ற முடியாது என்பதை யாரும் சொல்லாமலே அறிவார்.

கேள்வி: மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையும் என்கிறார்கள். எங்கள் சமூகமும் சிறுத்துவருகிறது. ஆகவே கூடுதலாகப் பெறுவது இளையோரின் கடமை என்று சொல்லலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். கவலை நியாயமானது: 1976இல் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையின் அடிப்படையில் இடங்கள் நிலைநிறுத்தப்பட்டன; 2001இல் அந்த ஏற்பாடு 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்புவரை நீட்டிக்கப்பட்டது. 1971இல் ஒரு தமிழ்ப் பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிள்ளைகள் பெற்றார். 2020இல் அது 1.4. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை அப்படியே ஈடுசெய்ய 2.1 வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நிறைவேற்றிய மாநிலம் அதற்காகவே இடங்களை இழப்பது அநீதி. அந்த அநீதியை அரசியல் சட்டத்தின் வழியாகவே களைய வேண்டும். பிரசவ அறை அதற்கான இடம் அன்று.

நெருக்கடி நிலையின்போது, 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதில் கட்டாயம் எவ்வளவு இருந்தது என்பதை நாடு அறியும். குறைக்கச் சொல்லி வற்புறுத்தியது தவறு என்றால், கூட்டச் சொல்லி வற்புறுத்துவதும் தவறுதான். அது பலிப்பதும் இல்லை. பெருந்தொகை செலவிட்டு ஊக்குவித்த தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 0.72 ஆகச் சரிந்தது. நீண்ட வேலை நேரமும் வீட்டு விலையும் தனிப்பயிற்சிச் செலவும் அங்கே அப்படியே இருந்தன. உங்கள் ஊர்ச் சங்கம் இளையோருக்கு உதவ விரும்பினால், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஒன்றில் வேலைக்குப் போகும் தாய்மாருக்கான நல்ல குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தட்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அது திறந்திருக்கட்டும்.

கேள்வி: மணமாகி ஆறு ஆண்டுகளாகிறது. பிள்ளை இல்லை. நாங்கள் வேண்டாம் என்று இருப்பதாக ஊரில் பேசுகிறார்கள்; உண்மை அதுவன்று. பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும்போதுகூட உறவினர்கள் என் மனைவியைத்தான் பார்க்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், கண்டனூர்

பதில்: பிள்ளை இல்லாத தம்பதியர் எல்லாரும் அதை விரும்பித் தேர்ந்தவர்கள் என்று எண்ணுவது இக்காலத்தில் பரவிவரும் ஒரு கொடுமை. ஓராண்டு முயன்றும் கரு நிற்காவிட்டால் இருவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். மனைவிக்கு 35 கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே. காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பதால் உங்கள் விந்தணுப் பரிசோதனையை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். அது எளியது, செலவும் குறைவு. செயற்கைக் கருவூட்டல் தேவைப்பட்டால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற மையமா என்று பாருங்கள். மனைவிக்கு 50 வயதும் கணவருக்கு 55 வயதும் சட்டம் வைத்த மேல் வரம்பு.

பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, செட்டிநாட்டுக்குப் புதிதன்று. சிறுகூடல்பட்டியில் பெரிய குடும்பத்தில் பிறந்த கண்ணதாசனும் சிறு வயதில் சுவீகாரம் போனவர்தான். பழைய வழக்கம் ஒரே கோயிலைச் சேர்ந்த ஆண் பிள்ளையையே தேடியது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் இடம் தருகிறது. மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவர் தத்தெடுக்க முடியாது என்றும் சொல்கிறது. உறவுக்கு வெளியே, ஆதரவற்ற குழந்தையை ஏற்க விரும்பினால், மைய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தில் இணையவழிப் பதிவு செய்ய வேண்டும். காத்திருப்பு நீளும் என்பதால் மருத்துவம் நடக்கும்போதே அதைப் பற்றி இருவரும் பேசத் தொடங்கலாம். நோன்பு நாளில் உறவினர்கள் கேட்டால், "மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.